காரை இறுக்கும் கம்பியும் உம்மாவின் கண்டிப் பயணமும்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சென்ற மாதம் கண் கிளினிக்குக்காக உம்மாவைக் கல்முனையிலிருந்து கண்டிக்குக் கூட்டிப்போனோம். காரை ஓட்டியது நான். முன் சீட்டில் மச்சான் — என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர். பின்னால் உம்மாவும் ராத்தாவும்.

2. மகியங்கனை தாண்டி, மலை ரோட்டின் பதினெட்டு வளைவு ஏறும்போது உம்மா சத்தி (வாந்தி) எடுத்தார். ஒரு முறையோடு நிற்கவில்லை.

3. கண்டியில் டொக்டர் சொன்னார்: கண்ணுக்குள் பிரஷர் கூடிவிட்டது, சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது. போனது வராது. மிச்சத்தைக் காப்பாற்ற ஒபரேஷன் செய்ய வேண்டும். அதுவும் அடுத்த மாதமே.

4. திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ். பிரேக் பிடித்து ஒடித்தேன். காரின் முன்பாதி நான் சொன்ன பக்கம் போனது. பின்பாதி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வந்தது. எதிலும் படவில்லை. ஆனால் உயிர் போகும் நேரத்தில் சொல்லும் கலிமாவை உம்மா சொல்லிவிட்டார்.

5. வீட்டு வாசலில் இறங்கியதும், முகம்கூடக் கழுவாமல், உம்மா தீர்ப்புச் சொன்னார்: "இனி அந்த ரோட்டால நான் வரமாட்டன் மகள். கண் போறதெண்டா போகட்டும். தந்தவன் எடுக்கிறான் எண்டு இருந்திடுவன். அந்தக் கார் ஆடுற ஆட்டத்துல என்னால ஏலா."

இந்த ஐந்தில் கடைசிதான் பிரச்சினை.

பொலன்னறுவை, தம்புள்ளை என்று சுற்றிப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் பயணம் நீள நீள உம்மாவின் வயிறு பொறுக்காது. வேன் பிடிக்கலாமே? வேன் காரைவிட உயரம், ஆட்டமும் கூட. பஸ்? பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே உம்மா குமட்டலுக்கு முகரத் தேசிக்காயைத் தேடுவார்.

வீட்டில் எல்லோரும் உம்மாவின் மனதை மாற்றப் பார்த்தார்கள். ராத்தா அழுதார். மச்சான் மார்க்கம் சொன்னார் — வைத்தியம் செய்வதும் கடமை என்று. உம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். வரமாட்டேன் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நான் வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன். "கார் ஆடுது" என்று உம்மா சொன்னார் அல்லவா? நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பிரிவில் பாடம் எடுப்பவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பயணி "ஆடுது" என்றால் அதைப் புலம்பல் என்று ஒதுக்கக் கூடாது, அது முறைப்பாடு என்று மாணவர்களுக்குச் சொல்பவள். வீட்டில் ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

டயர் பார்த்தேன். காற்றுப் பார்த்தேன். புஷ், ஷொக் அப்சோபர் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி. இனி மிச்சம் இருப்பது கார் உடம்பின் இறுக்கம்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தால் எடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு மூலைகளைப் பிடித்து முறுக்குங்கள். நெளியும். மூடியைப் போட்டு முறுக்குங்கள். நெளியாது. காரும் ஒரு பெட்டிதான். வளைவில் சக்கரங்கள் அதை முறுக்கப் பார்க்கின்றன. நெளியக்கூடிய இடங்களில் குறுக்கே ஒரு கம்பியைப் பூட்டினால் நெளிவு குறையும். பொனட்டுக்குள் இரண்டு ஷொக் அப்சோபரின் தலைகளையும் இணைக்கும் கம்பி ஒன்று — அதற்கு ஸ்ட்ரட் பார் என்று பெயர். டிக்கிக்குள் அதே மாதிரி ஒன்று. அடியில் ஒன்றிரண்டு. இவற்றைத் தவிர, கார் ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும் வேறு வகைக் கம்பியும் இருக்கிறது. அதன் வேலையே வேறு. விற்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே செட் என்று சொல்லி விற்பார்கள்.

செட் என்ற சொல் மச்சானின் காதில் விழுந்துவிட்டது.

மச்சானுக்குக் கல்முனையில் புடவைக் கடை. ஆனால் மனம் முழுக்கக் கார். இரவு பகலாகப் போனில் கார் வீடியோ பார்ப்பார். மலையில் ஓட்டச் சொன்னால் மட்டும், மச்சினி என்னைப் பார்த்து, "நீங்க ஓட்டுங்க மச்சி, நான் வழி சொல்றன்" என்பார்.

"முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, அடியிலயும் போடுவம் மச்சி. செட்டா எடுத்தாத்தான் வடிவு. சிவப்புக் கலர் இரிக்கி."

"கலர் என்னத்துக்கு மச்சான்? பொனட்டைத் திறந்தாத்தானே தெரியும்?"

"அப்ப திறந்து வெச்சிட்டு ஓடுவம்."

ராத்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "கடையில சாரி மடிக்கிற மனிசனுக்குக் கார்க் கம்பி என்னத்துக்குகா?"

காரைதீவில் கராஜ் வைத்திருக்கும் ஜெகன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். நான் கற்பிக்கப் போனேன், அவர் கராஜ் திறந்தார். இன்றுவரை என்னை "மிஸ்" என்று கூப்பிட்டுத்தான் கேலி செய்வார். அவரும் மச்சானின் கட்சி. "முழு செட்டும் போடுங்க மிஸ். கார் தண்டவாளத்துல போற மாதிரிப் போகும்."

நான் மறுத்தேன். காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் இறுக்கினால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் உம்மாவின் முதுகுக்குப் போய்ச் சேரும். சாய்வைத் தடுக்கும் கம்பியைப் பின்னால் அளவுக்கு மீறித் தடிப்பாகப் போட்டால், மழை நேரத்து மலை ரோட்டில் பின்பக்கம் வழுக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டினால் எது வேலை செய்தது என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் முன் கம்பி.

முன் கம்பி பூட்டியானது. (ஓம், சிவப்புத்தான். மச்சானுக்கு ஒரு சந்தோஷம்.)

ஒலுவில் துறைமுகப் பக்கம் ரோடு அகலம், காலையில் ஆளில்லை. அங்கே ஓட்டிப் பார்த்தேன். கம்பி பூட்டுவதற்கு முன்பும் ஓட்டியிருந்தேன், பூட்டிய பின்பும் ஓட்டினேன். முறைப்படி டிக்கியைக் காலி செய்து, உள்ளே கிடந்த குடை, பாய், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு. ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பியது. நல்ல மாற்றம்தான். சின்ன மாற்றம்.

ஆனால் ஒன்று இடித்தது. கம்பி பூட்டுவதற்கு முன்பே கார் நன்றாகத்தான் ஓடியது. யோசித்து யோசித்து வந்த அந்தப் பின்பாதி எங்கே போனது? எப்படி ஒடித்தாலும் அது ஒலுவிலில் வரவே இல்லை. அப்படியானால் உம்மாவை ஆட்டியது எது?

ஜெகன் போன் எடுத்தார். "பின் பார் வந்திருக்கு. வெச்சுப் பாத்திட்டு முடிவெடுங்க." அன்று உம்மாவைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கக் கூட்டிப்போயிருந்தோம், மச்சானும் கூட. நால்வருமாக அப்படியே கராஜுக்குப் போனோம். உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் பிளாஸ்டிக் கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்தார் ஜெகன். டிக்கியைத் திறந்து, கம்பியைக் குறுக்கே வைத்துக் காட்டினார்.

உம்மா எழுந்து வந்தார். டிக்கியைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, குறுக்கால?"

"இதப் போட்டா கார் ஆடாது உம்மா."

"அப்ப அரிசி மூடைய எங்க வெக்கிற? உங்கட தலையிலயா?"

ஜெகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த மூடை உம்மா?"

"போன முறை கொண்டு போனதுதான். சாச்சிட வீட்ட வெறுங்கையோட போறயா?"

உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, அக்குறணையில் இருக்கிறார். கண்டிக்குப் போனால் தங்குவது அங்கேதான். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கராஜ் கூரையைப் பார்த்தார்.

"மச்சான், என்ன ஏத்தினீங்க?"

"நீங்க கிளினிக் கொப்பி எடுக்க உள்ளுக்குப் போனீங்களே... அப்ப. ரெண்டு மூடை. வயல் அரிசி."

"அது மட்டுமா?" என்றார் உம்மா. மருமகன் மறந்ததை நினைவுபடுத்துவதில் அவருக்குப் பெருமை. "தேங்காய் ஒரு சாக்கு. தயிர்ச் சட்டி. கருவாடு. சாச்சிட சின்னவனுக்கு எண்டு விளாம்பழம்."

"சரி, அது போகக்குள்ள. வரக்குள்ள டிக்கி காலிதானே?"

உம்மா என்னைப் பார்த்த பார்வை... பெற்ற பிள்ளையா இது என்கிற பார்வை. "சாச்சி சாக்க வெறுஞ்சாக்காத் தருவாளா? லீக்ஸ், கரட், கிழங்கு, ஒரு முழுப் பிலாப்பழம். இன்னும் என்ன..."

"பூச்சட்டி," என்றார் ராத்தா மெதுவாக. "அந்தூரியம். நாந்தான் கேட்டன்."

பின் சக்கரத்துக்கும் பின்னால் இத்தனை பாரம் ஏறினால் என்ன நடக்கும்? முன் சக்கரம் இலேசாகும். மூக்கு திரும்பச் சுணங்கும். வளைவில் வால்பக்கம் தன் பாரத்தோடு வெளியே போகப் பார்க்கும். முதலாம் ஆண்டுப் பாடம். நானோ டிக்கியை முறைப்படி காலி செய்துவிட்டு, ஆட்டத்தை ஒலுவிலில் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் மற்றவர்களும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சாமான் ஏதும் ஏற்றினீர்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்வார்கள். சாச்சிக்குக் கொண்டு போகும் அரிசியை எங்கள் பக்கத்தில் சாமான் என்று எண்ணுவது யார்?

ஜெகனின் கராஜில் பாரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய கியர் பெட்டி, இரும்புத் துண்டு என்று டிக்கியில் அடுக்கினோம். வயல் பக்க ரோட்டில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வர நான் புறப்பட, உம்மாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நீங்க வேணாம் உம்மா."

"வயல் ரோட்டுதானே? விழுந்தாலும் சேத்துலதான் விழுவம். ஓட்டு."

முதல் வளைவிலேயே வந்தது. அந்தச் சின்ன யோசனை, பிறகு ஒரு அசைவு. பின் சீட்டிலிருந்து உம்மா முன்னே சாய்ந்து என் தோளைத் தட்டினார். "இதுதான்! மகள், இந்த ஆட்டம்தான்!" ஊர்ச் சந்தையில் தெரிந்தவரைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

கராஜுக்குத் திரும்பிப் பின் கம்பி வேண்டாம் என்றேன். பாரத்தை இறக்கினால் போதும். மூளை வேலை செய்த திருப்தியில் நான் மறந்தது, பாரத்தை இறக்கச் சொல்ல வேண்டியது யாரிடம் என்பதை.

"அரிசி இல்லாம நான் போகமாட்டன்," என்றார் உம்மா.

"உம்மா, கண்ணா அரிசியா?"

"நீ ஒண்டு கேள். ஒபரேஷன் முடிஞ்சு அவள்ட வீட்டதான் படுத்துக் கிடக்கப்போறன். நேரத்துக்கு மருந்து ஊத்தப்போறது அவள். எனக்குச் சோறு பிசைஞ்சு தரப்போறது அவள். ஒரு பிடி அரிசி கொண்டுபோகாம எந்த முகத்தோட போய்ப் படுக்கிற?"

இந்த அரிசியின் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஒபரேஷன் நாள் நெருங்கியது. உம்மா அசையவில்லை. போக வேண்டும் என்றால் அரிசியோடு. அரிசியோடு என்றால் கார் ஆடும். ஆடினால் அவர் வரமாட்டார். மூன்றும் சேர்ந்து ஒரு பூட்டு. ராத்தா தொழுகைப் பாயில் நேரம் கூட்டினார். நான் பஸ்ஸில் பார்சலாக அனுப்பலாம் என்றேன். "தங்கச்சிக்குப் பார்சலா?" என்று கேட்டார் உம்மா. அதோடு அது முடிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டின்போது மச்சான் பொதுவாகச் சொன்னார்: "நான் முந்தின நாளே பஸ்ஸில போறன். மூடையையும் கொண்டு போய்ச் சாச்சிட கையில குடுத்திடுறன். மாமிட ஸலாத்தையும் சொல்லிக் குடுக்கிறன். மறுகா நீங்க ஆறுதலா வாங்க."

"பஸ்ஸிலயா? நீங்களா?" ராத்தாவின் கையில் அகப்பை நின்றுவிட்டது. பக்கத்தில் இருக்கும் அக்கரைப்பற்றுக்குப் போகவே காரைக் கேட்கும் மனிதர்.

"ஓம். எனக்குப் பஸ்ஸில நித்திர நல்லா வரும்."

பொய். மச்சானுக்கு முதுகு வலி உண்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆள் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் அது பார்சல் இல்லை. அதுவும் வீட்டு மருமகன் கொண்டுபோனால், உம்மாவே கொண்டுபோனதைவிட ஒரு படி மேல்.

"அப்ப சரி," என்றார் உம்மா. "தயிர்ச் சட்டியக் கவனமாக் கொண்டுபோங்க மருமகன். மடியில வெச்சுக்கொண்டு."

அப்படித்தான் அவர் மடியில் தயிர்ச் சட்டியோடு மலை ஏறினார்.

நாங்கள் புறப்பட்ட காலையில், உம்மா வழக்கம்போலக் காரின் பின் கதவில் கை வைத்தார். "உம்மா, முன்னுக்கு வாங்க," என்றேன். முன்னால் இருப்பவருக்கு ரோடு தெரியும், தலைச்சுற்று குறையும். இதுவும் எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். ஆனால் இதற்கு முன் இப்படிச் சொல்லியதில்லை. சொல்ல முடியாது. முன் சீட் மருமகனுடையது. மருமகனைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு முன்னால் ஏற எந்த மாமி சம்மதிப்பார்? சத்தி எடுத்து மயங்கினாலும் உம்மா ஏறமாட்டார்.

இன்று அந்த சீட் காலி. உம்மா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சீலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் ஏறினார்.

மகா ஓயா போனது, பதியத்தலாவை போனது. வளைவுகள் தொடங்கின. காலி டிக்கி, முன்னால் ஒரு கம்பி. நான் திருப்பிய இடத்தில் கார் திரும்பியது, பின்பாதியும் கூடவே வந்தது. உம்மாவின் உதடுகள் முதல் சில வளைவுகளில் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு நின்றன. மடியில் இருந்த தேசிக்காய் மடியிலேயே இருந்தது.

மேலே போய்ச் சேரும் நேரம், "நிப்பாட்டு மகள்," என்றார்.

சத்திதான் என்று நினைத்துப் பையை எடுத்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். கீழே மகியங்கனைப் பக்கம் முழுவதும் விரிந்து கிடந்தது — வயல், குளம், ஆறு, புகை மாதிரி ஒரு வெயில். உம்மா வலது கையால் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதுல நடு மட்டும்தான் தெரியுது," என்றார். "கரையெல்லாம் இல்ல."

ராத்தா இறங்கி வந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, ஏறுங்க. டொக்டர் காத்துக்கொண்டு இருப்பார்," என்றார் உம்மா.

கண்டியில் உம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மச்சானுக்கு நன்றி சொன்னேன். அரிசிக்காக. அவர் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அரிசிய யார்ட கையிலயும் குடுத்தனுப்பி இருக்கலாம் மச்சி. எங்கட கடைப் பொடியன் ஒருத்தன் கண்டியான்தான், ஊருக்குப் போற வழியில குடுத்திருப்பான். முன் சீட்டுல நான் இருந்தா மாமி பின்னுக்குத்தான் ஏறுவா. நான் இல்லாட்டி முன்னுக்கு ஏறுவா. அதான் பஸ்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "இத மாமிட்டச் சொல்லாதீங்க," என்றார்.

காருக்கு எது தேவை என்று நான் கம்பி கம்பியாகத் தேடிக்கொண்டிருந்தேன். உம்மாவுக்கு எது தேவை என்று மச்சான் ஒரு சீட்டைக் காலி செய்துவிட்டார். அதைத் தியாகம் என்று சொல்லாமல், நித்திரை என்று சொல்லி.

குடும்பக் காருக்குக் கம்பி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: டயரையும் ஷொக் அப்சோபரையும் பாருங்கள், முன் கம்பியில் தொடங்குங்கள், ஒன்றொன்றாகப் பூட்டுங்கள். ஆனால் அதற்கு முன், வீட்டார் எல்லோரும் ஏறி, எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெறும் கார் என்பது கம்பனிக்குத்தான். நமக்கு அப்படி ஒரு கார் கிடையாது.

ஜெகனுக்கு நன்றி, கியர் பெட்டியைத் தூக்கி ஏற்றியதற்கு. சாச்சிக்கு நன்றி, நேரம் தவறாமல் மருந்து ஊற்றியதற்கு. திரும்பி வரும்போது லீக்ஸையும் கிழங்கையும் மச்சானோடு பஸ்ஸில் அனுப்பச் சம்மதித்ததற்கும். மச்சானுக்கு — மன்னியுங்கள் மச்சான். எழுத்துச் சின்னதாக இருப்பதால் உம்மாவுக்கு இந்தப் பத்தியை ராத்தாதான் வாசித்துக் காட்டுவார். இந்நேரம் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

இப்போதைய நிலை: ஒபரேஷன் முடிந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது. போன பார்வை வரவில்லை, வராது. இருந்த பார்வை இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.